கடலை இழந்த பேரரசின் பறக்கும் படகுகள்

ஆஸ்திரியாவுக்கு இன்று கடற்கரை கிடையாது. ஹங்கேரிக்கும் கிடையாது. ஆனால் 1918 வரை இந்த இரண்டு நாடுகளும் ஒரே முடியின் கீழ் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசாக இருந்தன. வடக்கே ட்ரியெஸ்ட் துறைமுகத்திலிருந்து தெற்கே கட்டாரோ விரிகுடா வரை ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை முழுவதும் அந்தப் பேரரசின் கையில் இருந்தது. அங்கே ஒரு வலுவான கடற்படை நின்றது. அந்தக் கடற்படைக்குச் சிறகும் இருந்தது. கடல்மேல் விமானத்தால் என்னென்ன செய்ய முடியும் என்று உலகம் முதலில் கற்றுக்கொண்ட இடங்களில் ஏட்ரியாட்டிக் முக்கியமானது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா என்று பேசும் விமானப்படை வரலாறுகள் இந்தக் கடலை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது நியாயமல்ல.

கதை விமானத்துக்கு வெகுகாலம் முன்பே, பலூனில் தொடங்குகிறது. 1848இல் வெனிஸ் மக்கள் ஆஸ்திரிய ஆட்சியை உதறிவிட்டுத் தங்களைக் குடியரசாக அறிவித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ஆஸ்திரியப் படை நகரை முற்றுகையிட்டது. வெனிஸைச் சுற்றி மதில் இல்லை; ஆழமில்லாத உப்பங்கழிதான் அதன் மதில். கரையில் நிறுத்திய பீரங்கிகளின் குண்டுகள் நகரை எட்டாமல் தண்ணீரில் விழுந்தன. அப்போது பீரங்கிப் படையில் இருந்த ஃபிரான்ஸ் உகாட்டியஸ் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: சூடான காற்றடைத்த பலூன்களில் குண்டைக் கட்டிக் காற்றின் போக்கில் விட்டால் என்ன?

பலூனில் ஆள் இல்லை. காகிதமும் துணியும் சேர்த்துச் செய்த கூடு, அதற்குக் கீழே கனல், அதற்கும் கீழே ஒரு குண்டு, மெதுவாக எரியும் திரி. அவ்வளவுதான். முதலில் ஒரு சோதனை பலூனை விட்டு அது எத்தனை நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்குப்படி திரியின் நீளத்தை வெட்டுவார்கள். திரி எரிந்து முடியும்போது குண்டு கழன்று விழும். 1849 ஜூலையில் இந்தப் பலூன்களில் சில கரையிலிருந்தும், சில ‘வுல்கானோ’ என்ற நீராவிக் கப்பலிலிருந்தும் கிளம்பின. வானிலிருந்து ஒரு நகரத்தின்மீது நடந்த முதல் குண்டுத் தாக்குதல் இதுதான். கப்பலிலிருந்து ஆயுதம் தாங்கி ஏறிய முதல் வான்கலமும் இதுவே.

பலன்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடலோரத்தில் தரையை ஒட்டி ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசுவது வழக்கம். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. காற்று கொண்டுபோகும் இடமே அதன் ஊர். பல பலூன்கள் நகரைத் தாண்டிப் போயின; சில திரும்பி வந்து, விட்டவர்களின் தலைக்கு மேலேயே மிதந்தன. காலராவும் பட்டினியும் சேர்ந்து வாட்டிய பிறகு ஆகஸ்டில் வெனிஸ் பணிந்தது. பலூன்களுக்கு அந்த வெற்றியில் பங்கில்லை. ஆனாலும் உகாட்டியஸின் கணக்கை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. காற்றின் வேகத்தை அளந்து, நேரத்தைக் கணித்து, எங்கோ இருக்கும் இலக்கின்மேல் குண்டை விழச் செய்வது என்ற சிந்தனை முழுமையாக அங்கே இருந்தது. திசையைக் கட்டுப்படுத்தும் வழி மட்டும் இல்லை.

இந்தக் கடற்படைக்குப் போரைத் தவிர வேறு ஆசைகளும் இருந்தன. 1857இல் ‘நோவாரா’ என்ற பாய்க்கப்பல் அறிவியலாளர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றக் கிளம்பியது. 1858 தொடக்கத்தில் அது இலங்கையின் காலித் துறைமுகத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், பிறகு நிக்கோபார் தீவுகளுக்கும் வந்துபோயிற்று. செடிகள், பூச்சிகள், பாறைகள் என்று கணக்கில்லாத மாதிரிகளோடு 1859இல் ட்ரியெஸ்டுக்குத் திரும்பியது. அந்தப் பயணத்தில் கிடைத்த கோகா இலைகளிலிருந்துதான் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் நீமன் கோகெய்னைப் பிரித்தெடுத்தார். அதே நோவாரா 1866இல் லிஸ்ஸா கடற்போரில் இத்தாலியோடு மோதியது. கலைஞானமும் பீரங்கியும் ஒரே தளத்தில் நின்ற கப்பல் அது.

லிஸ்ஸா போர் நடந்த அதே 1866இல், அதே கடலோரத்து ஃபியூமே நகரில், கடற்போரின் போக்கையே மாற்றிய ஒரு கருவி பிறந்தது: டார்பிடோ. ஜொவான்னி லுப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியிடம், கரையிலிருந்து கயிறுகளால் இயக்கக்கூடிய வெடிபடகு ஒன்றின் மாதிரி இருந்தது. அதை ஃபியூமேயில் ஆலை நடத்திய ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட்டிடம் கொண்டுபோனார். வைட்ஹெட் கயிற்றை எறிந்துவிட்டு, அழுத்திய காற்றால் ஓடும் எஞ்சினை வைத்து, முழுக்கருவியையும் தண்ணீருக்கு அடியில் இறக்கினார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. தண்ணீருக்கு அடியில் ஒரே ஆழத்தில் ஓட வேண்டும். ஆழம் கூடினால் நீரின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தைக் கொண்டு சுக்கானைத் திருப்பலாம். ஆனால் இது மட்டும் போதவில்லை. சைக்கிள் பழகும் பிள்ளை இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை வலப்பக்கம் அதிகமாகத் திருப்பி, பிறகு மறுபக்கம் சாய்வதுபோல, டார்பிடோ மேலும் கீழுமாக அலைந்தது. 1868இல் வைட்ஹெட் ஓர் ஊசலைச் சேர்த்தார். ஆழம் எவ்வளவு தவறு என்பதை அழுத்தம் சொல்லும். மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஊசல் சொல்லும். இரண்டும் சேர்ந்து சுக்கானைப் பிடித்ததும் அலைச்சல் அடங்கியது. பிழையின் அளவை மட்டுமல்லாமல், அது எந்தப் பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனித்துத் திருத்துவது இன்று ட்ரோன் வரைக்கும் பயன்படும் கொள்கை. அன்று அது ஃபியூமே ஆலையின் பெரிய இரகசியம்; அதை அறிய ஐரோப்பியக் கடற்படைகள் பணம் கொடுத்தன.

நீருக்கு அடியில் இப்படி என்றால், நீருக்கு மேலே என்ன நடந்தது? வியன்னாவில் பியானோ செய்துவந்த வில்ஹெல்ம் கிரெஸ் என்பவர், தண்ணீரிலிருந்து எழும் விமானம் ஒன்றைக் கட்டினார். 1901 அக்டோபரில் வியன்னாவுக்கு அருகிலுள்ள நீர்த்தேக்கத்தில் அதை ஓட்டிப் பார்த்தபோது அவருக்கு வயது 65. கிடைத்த டெய்ம்லர் எஞ்சின் அவர் கேட்டதைவிட மிகவும் கனமாக இருந்தது. வேகமாக ஓடிய விமானம், தடை ஒன்றைத் தவிர்க்கத் திரும்பியபோது கவிழ்ந்து மூழ்கியது. கிரெஸைத் தண்ணீரிலிருந்து மீட்டார்கள். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி இது. குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ எடை என்ற கணக்குதான் அன்று பறத்தலின் தலையெழுத்தை முடிவுசெய்தது. அந்தக் கணக்கு கிரெஸுக்குச் சாதகமாக இல்லை.

இன்னொருவர் விடையை ஒரு விதையில் தேடினார். தென்கிழக்காசியக் காடுகளில் வளரும் அல்சோமிட்ரா கொடியின் விதைக்கு இருபுறமும் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய இறக்கை உண்டு. கொடியிலிருந்து கழன்றால் அது சுழலாமல், கவிழாமல் வட்டமிட்டபடி மிதந்து இறங்கும். ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரீட்ரிஷ் ஆல்போர்ன் இந்த விதையின் நிலைத்தன்மையை விளக்கி எழுதியிருந்தார். பொஹீமியாவைச் சேர்ந்த இகோ எட்ரிஷ் அதைப் பிடித்துக்கொண்டார். இறக்கையின் நுனிகள் பின்னோக்கி வளைந்து சற்றே மேல்நோக்கித் திரும்பியிருப்பதில்தான் விதையின் சூட்சுமம் இருந்தது: முன்பக்கம் தாழ்ந்தால் அந்த நுனிகள் அதைத் தாமாகவே மீண்டும் தூக்கிவிடும். முதலில் ஆள் ஏறும் கிளைடர், பிறகு எஞ்சின் விமானம். 1910இல் ‘டௌபே’ தயார். ஓட்டுபவர் கைவிட்டாலும் தானாகச் சமநிலைக்கு வரும் விமானம் என்று பெயரெடுத்தது. 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில், ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய அதிகாரி விமானத்திலிருந்து கையால் குண்டெறிந்தார். விமானத்திலிருந்து நடந்த முதல் குண்டுவீச்சு அது. அவர் ஓட்டியது எட்ரிஷின் டௌபே. ஒரு விதையைப் பார்த்து வரைந்த இறக்கை இரண்டே ஆண்டுகளுக்குள் ஆயுதமாகிவிட்டது.

அறிவியலுக்கும் பேரரசின் படைகளுக்கும் இருந்த உறவுக்கு இன்னொரு சான்று உண்டு. 1912 ஆகஸ்ட் 7 அன்று இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் 5,350 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மேலே போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று அளந்துகாட்டினார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பலூனை ஓட்டியவர் ஓர் இராணுவக் கேப்டன்.

இனி, கடல். ஏட்ரியாட்டிக் நீளமானது, ஆனால் குறுகியது. பேரரசின் முதன்மைக் கடற்படைத் தளமான போலாவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள வெனிஸுக்கு சுமார் 130 கிலோமீட்டர்தான். தெற்கே ஒட்ரான்டோ நீரிணையில் இரு கரைகளுக்கும் இடையே 72 கிலோமீட்டர் மட்டுமே. அன்றைய விமானங்களால் பெருங்கடல்களைக் கடக்க முடியாது. ஆனால் இந்தக் கடலைக் கடந்து குண்டு போட்டுவிட்டு உணவு வேளைக்குள் திரும்பிவிடலாம். அடுத்து, கரையின் அமைப்பு. இத்தாலியப் பக்கம் மணல், சமவெளி. கிழக்கே டால்மேஷியப் பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையும் நூற்றுக்கணக்கான தீவுகளும். ஓடுபாதைக்கு இடமே இல்லை. ஆனால் தீவுகளுக்கு நடுவே அலையடங்கிய நீர்ப்பரப்பு தாராளமாக உண்டு. ஆகவே கிழக்குக் கரைக்காரர்கள் சக்கரத்தை நம்பவில்லை. அடிப்பாகமே படகாக அமைந்த விமானத்தை நம்பினார்கள்.

போலாத் துறைமுகத்துக்குள் இருக்கும் சாந்தா கத்தரீனா என்ற சிறு தீவு கடல் விமானத் தளமானது. வியன்னாவின் லோனர் ஆலை முன்பு குதிரை வண்டிகள் செய்து புகழ்பெற்றது. அங்கே யோசப் மிக்கல் என்ற பொறியாளர் வடிவமைத்த பறக்கும் படகுகளில் ‘லோனர் எல்’ வகைதான் மிகுதியாகப் பயன்பட்டது. இறக்கையின் அகலம் 16 மீட்டர் சொச்சம்; உச்ச வேகம் மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர்; இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்; ஏறக்குறைய 200 கிலோ குண்டு சுமக்கும்.

படகைப் பறக்கவைப்பது எளிதல்ல. வளைந்த அடிப்பாகத்தில் ஓடும் நீர் அதை ஒட்டிப்பிடித்துக் கீழே இழுக்கும். எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் விமானம் எழும்பாது. அடிப்பாகத்தின் நடுவே ஒரு படி போலச் சட்டென்று வெட்டிவிட்டால், வேகம் கூடும்போது அந்த இடத்தில் நீர் பிரிந்துவிடும். பின்பாதி தண்ணீரிலிருந்து விடுபட்டு, படகு நீரின் மேல்தோலில் சறுக்கி மேலெழும். இந்தப் படிதான் பறக்கும் படகுகளின் உயிர்நாடி. லோனரின் எஞ்சின், மேல் இறக்கைக்குக் கீழே உயரமாக, பின்னோக்கித் தள்ளும் விசிறியோடு இருந்தது. தண்ணீர்த் திவலை விசிறியை அடிக்காது. முன்னால் இருப்பவருக்குப் பார்வையை மறைக்கவும் எதுவும் இல்லை. வேவு பார்க்க இதைவிட நல்ல ஆசனம் அன்று கிடையாது.

அந்தப் பார்வைதான், முதல் உலகப் போரின் நடுவே, 1916 செப்டம்பர் 15 அன்று வரலாறு படைத்தது. கட்டாரோ விரிகுடாவுக்கு வெளியே பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் ‘ஃபூக்கோ’ காத்திருந்தது. கும்போர் தளத்திலிருந்து எழுந்த எல்-132, எல்-135 என்ற இரண்டு லோனர் படகுகள் அதைத் தண்ணீருக்கு அடியிலேயே கண்டன.

எப்படிக் காண முடிந்தது? கப்பலின் தளத்தில் நின்று பார்ப்பவரின் பார்வை கடலைச் சாய்வாகத் தொடுகிறது. சாய்வு மிகும்போது நீர்ப்பரப்பு வானத்தின் ஒளியைக் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பிவிடும். அடியில் உள்ளது தெரியாது. நேர் மேலிருந்து பார்த்தால் நூற்றில் இரண்டு பங்கு ஒளிதான் திரும்பும். மீதி உள்ளே போய் வரும். தெளிந்த ஏட்ரியாட்டிக் நீரில் பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பல்கூட மேலே பறப்பவருக்குக் கருத்த நிழலாகத் தெரியும். நீர்மூழ்கியின் ஒரே கவசம் மறைவு. அந்தக் கவசம் விமானத்தின் முன் கழன்றுவிட்டது.

குண்டுகள் விழுந்தன. உள்ளே விளக்கு அணைந்தது. கப்பல் ஆழத்துக்குச் சரிந்தது. மாலுமிகள் பெரும்பாடுபட்டு அதை மேலே கொண்டுவந்தார்கள். அங்கே மீண்டும் குண்டு. கேப்டன் கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். 29 பேர் கடலில் குதித்தார்கள். கப்பல் மூழ்கியது. திறந்த கடலில் விமானத்தால் மூழ்கடிக்கப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுதான். (ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 9 அன்று, வெனிஸ் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘பி-10’ இதே படையின் குண்டுகளால் மூழ்கியிருந்தது. ஆனால் அது நின்றுகொண்டிருந்த இலக்கு.)

அடுத்து நடந்ததுதான் இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது. குண்டு போட்ட இரண்டு விமானங்களும் தண்ணீரில் இறங்கின. தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் எதிரி விமானங்களின் மிதவைகளையும் உடலையும் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். டார்பிடோப் படகு ஒன்று வந்து சேரும்வரை விமானங்கள் அவர்களைத் தாங்கி நின்றன. 29 பேரும் பிழைத்தார்கள். இரண்டு விமானிகளில் ஒருவரான திமித்ரியே கொன்யோவிச் ஒரு செர்பியர். வியன்னாவோ செர்பியாவோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. இத்தகைய முடிச்சுகள் அந்தப் பேரரசின் ஒவ்வொரு கப்பலிலும் இருந்தன: ஜெர்மானியர், ஹங்கேரியர், குரோட், செக், ஸ்லோவேனியர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று எல்லோரும் ஒரே தளத்தில் வேலைபார்த்தார்கள்.

ஃபூக்கோவை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்தப் படையைப் பற்றிப் பாதி உண்மையே சொன்னதாகும். 1915 அக்டோபர் 24 அன்று ஆஸ்திரிய விமானம் வெனிஸின்மீது போட்ட குண்டு ஸ்கால்ஸி தேவாலயத்தின் கூரையைத் துளைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் ஓவியர் தியேப்போலோ அந்தக் கூரையில் தீட்டியிருந்த ஓவியம் நொறுங்கி விழுந்தது. 1849இல் காற்று காப்பாற்றிய நகரத்தை இப்போது எஞ்சினும் சுக்கானும் எட்டிப்பிடித்துவிட்டன. துறைமுகத்தையும் இரயில் நிலையத்தையும் குறிவைத்தோம் என்று சொல்லலாம். ஆனால் அன்றைய குறிபார்க்கும் கருவியைக் கொண்டு நெருக்கமான நகரத்தின்மேல் குண்டு போட்டவர்கள் எதன்மேல் விழும் என்று அறிய முடியாது என்பதை நன்றாகவே அறிவார்கள்.

ட்ரியெஸ்ட் தளத்தின் தலைவராக இருந்தவர் காட்ஃபிரீட் பான்ஃபீல்ட். கட்டாரோ விரிகுடாவின் கரையில் 1890இல் பிறந்தவர். மூதாதையர் பிரிட்டிஷ்-ஐரிஷ் வழியினர். ஒருவர் மட்டும் அமரும் பறக்கும் சண்டைப் படகில், நீல வண்ணம் பூசி, தன் நகரத்தின் வானத்தைக் காத்தார். உறுதிசெய்யப்பட்ட வான்வெற்றிகள் 9. 1917 மே 31 இரவு பத்தரை மணிக்கு அவர் ஓர் இத்தாலியக் கடல் விமானத்தை இருட்டில் வீழ்த்தினார். ரேடாரோ தேடுவிளக்கோ இல்லாத விமானத்தில் அது அசாத்தியமான காரியம். கனமான படகு உடலைச் சுமந்துகொண்டு சக்கர விமானங்களோடு சண்டையிட்டு 9 வெற்றி பெறுவது மற்ற முனைகளில் முப்பது பெறுவதற்குச் சமம் என்பது இந்த எழுத்தாளரின் கணிப்பு.

கப்பற்படையின் பெரிய கப்பல்கள் போரின் பெரும்பகுதியைப் போலாவில் நங்கூரமிட்டபடியே கழித்தன. தளபதி அன்டன் ஹவுஸின் கணக்கு தெளிவானது: கப்பல்கள் இருக்கும்வரை எதிரி அஞ்சுவான், இழந்துவிட்டால் ஈடுசெய்ய ஆலை இல்லை. வெளியே போய்ப் போரிட்டவை நீர்மூழ்கிகளும் விரைவுக் கப்பல்களும் விமானங்களும்தான். 1917 மே 15 அன்று கடற்படை அதிகாரி மிக்லோஷ் ஹோர்த்தி மூன்று விரைவுக் கப்பல்களோடு ஒட்ரான்டோ நீரிணைக்குப் போய், வலைகட்டிக் காவல் நின்ற 14 படகுகளை மூழ்கடித்தபோது, அவருக்கு முன்னால் பறந்து எதிரி எங்கிருந்து வருகிறான் என்று சொன்னவை கட்டாரோவின் கடல் விமானங்கள். ஹோர்த்தியின் தலைமைக் கப்பலுக்குப் பெயர் ‘நோவாரா’. சென்னைக்கு வந்த பழைய நோவாராவின் பெயரைத் தாங்கிய கப்பல்.

இந்தப் பேரரசுக்கு யோசனைப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. பஞ்சம் வேறு இடத்தில். 1915இல் போலாவில் டாகோபர்ட் முல்லர் என்ற அதிகாரி ஒரு விந்தைப் படகைச் செய்தார். நான்கு விமான எஞ்சின்கள் அதை முன்னே தள்ளின. ஐந்தாவது எஞ்சின் படகுக்கு அடியில் காற்றை ஊதியது. காற்று மெத்தையின்மேல் மிதந்து ஓடிய அது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. டார்பிடோ ஏற்றிச் செல்லும் அந்தப் படகு, இன்றைய ஹோவர்கிராஃப்டின் முன்னோடி. கடற்படை அதில் அக்கறை காட்டவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

1918 ஜூன் 10 விடியற்காலை. ‘ட்ரெட்நாட்’ வகைப் பெரும் போர்க்கப்பல் ‘செயின்ட் இஷ்த்வான்’ ஒட்ரான்டோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 20,000 டன் எடை, 30.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட 12 பீரங்கிகள். பிரெமூடா தீவருகே லூயிஜி ரிட்ஸோ என்ற இத்தாலியர் ஓட்டிவந்த ஒரு விரைவுப் படகு இரண்டு டார்பிடோக்களை அதன்மீது விட்டது. கப்பல் கவிழ்ந்தது, 89 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலைக் கட்டியது ஃபியூமே. ஹங்கேரியின் நாடாளுமன்றம் செலவுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்பதற்காக, அனுபவமில்லாத ஃபியூமே ஆலைக்கு அந்த வேலை கொடுக்கப்பட்டது. அதை மூழ்கடித்த ஆயுதம் பிறந்ததும் அதே ஃபியூமேயில்தான். சிறிய, வேகமான டார்பிடோப் படகு என்ற யோசனையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே முல்லர் செய்துகாட்டியிருந்தார், பயன்படுத்தியது எதிரி.

அதே ஜூன் 10 அன்று வியன்னாவுக்கு அருகே ஃபிஷாமெண்டில் இன்னொரு கனவும் தரையில் விழுந்தது. பீரங்கிப் படைக்குக் கண்காணிப்பு பலூன் தேவை. ஆனால் ஹைட்ரஜன் பலூன் ஒரே தோட்டாவில் தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாக, கயிற்றால் கட்டி, நேரே மேலெழுந்து நிற்கும் இயந்திரம் ஒன்றை பெட்ரோட்ஸி, கார்மன், ஸூரோவெட்ஸ் ஆகிய மூவர் குழு உருவாக்கியது. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். 120 குதிரைத்திறன் கொண்ட மூன்று எஞ்சின்கள். அது பலமுறை வெற்றிகரமாக எழும்பிக் காட்டியது. அன்று அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் எஞ்சின் பலமிழக்க, விழுந்து நொறுங்கியது. போர் முடியும்வரை வேறு வேலை நடக்கவில்லை. குழுவில் இருந்த தியோடர் வான் கார்மன் பின்னர் அமெரிக்கா சென்று, இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய காற்றியக்கவியல் அறிஞர்களில் ஒருவரானார். விண்வெளிக் கலங்களை அனுப்பும் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

போர்க்காலம் முழுவதும் ஆஸ்திரியா-ஹங்கேரி கட்டிய விமானங்கள் சுமார் 5,000. எதிரில் நின்ற இத்தாலி மட்டும் கட்டியது சுமார் 12,000. யோசனை இருந்தது, இரும்பும் நிலக்கரியும், ஒத்துப்போகும் இரு அரசாங்கங்களும் இல்லை. உணவும் இல்லை. 1918 பிப்ரவரி 1 அன்று கட்டாரோவில் நாற்பது கப்பல்களின் மாலுமிகள் சமாதானமும் சோறும் கேட்டுச் செங்கொடி ஏற்றினார்கள். மூன்று நாளில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தலைமை தாங்கிய செசான் என்ற இளம் அதிகாரி கடல் விமானம் ஒன்றில் ஏறி இத்தாலிக்குத் தப்பினார். அக்டோபர் 31 அன்று பேரரசர் கடற்படையைத் தென் ஸ்லாவ் மக்களின் புதிய தேசிய மன்றத்திடம் ஒப்படைத்தார். மறுநாள் விடியலில், செய்தி அறியாத இரண்டு இத்தாலிய நீச்சல் வீரர்கள் தலைமைக் கப்பலான ‘விரிபுஸ் யூனிடிஸ்’ அடியில் வெடியைப் பொருத்த, அது நூற்றுக்கணக்கானோருடன் மூழ்கியது.

பறக்கும் படகுகள் மட்டும் சாகவில்லை. 1915 மே மாதம் எல்-40 என்ற லோனர் இத்தாலியக் கரையில் சேதமின்றிப் பிடிபட்டது. இத்தாலியின் மக்கி நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்து, அளந்து, அப்படியே பிரதி எடுத்து ‘எல்-1’ என்று பெயரிட்டது. அதிலிருந்து ‘எம்-5’ என்ற சண்டைப் படகு வளர்ந்தது. போரின் கடைசி ஆண்டில் பான்ஃபீல்டின் ஆட்கள் எதிர்கொண்டது தங்கள் லோனரின் வழித்தோன்றலைத்தான். 1918 ஆகஸ்ட் 21 அன்று போலாவுக்கு மேலே நடந்த சண்டையில் ஜார்ஜ் லட்லோ என்ற அமெரிக்க விமானி சுடப்பட்டுக் கடலில் விழுந்தார். அவரோடு பறந்த சார்லஸ் ஹம்மன், குண்டடிபட்ட தன் ஒற்றை ஆசன எம்-5ஐ எதிரித் தளத்துக்குச் சில மைல் தொலைவில் தண்ணீரில் இறக்கி, நண்பரை எஞ்சினுக்குக் கீழே ஏற்றிக்கொண்டு கரைசேர்த்தார். அமெரிக்காவின் உயரிய வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஃபூக்கோவின் மாலுமிகளைக் காப்பாற்றியதும் லட்லோவைக் காப்பாற்றியதும் அடிப்படையில் ஒரே வடிவமைப்பு. தண்ணீரில் இறங்கி நிற்கும் அந்தத் திறமை இல்லாத விமானத்துக்கு இரண்டும் முடியாத காரியங்கள்.

கொன்யோவிச் 1923இல் நோவிசாத் நகரில் ‘இகாரஸ்’ விமான ஆலையைத் தொடங்கினார்; யூகோஸ்லாவியாவின் விமானத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. பான்ஃபீல்ட் கடலில் மூழ்கிய கப்பல்களை மீட்கும் தொழிலில் இறங்கி, சூயஸ் கால்வாயைச் சுத்தப்படுத்தும் வேலைவரை செய்து, 1986இல் ட்ரியெஸ்டில் 96ஆம் வயதில் காலமானார். மக்கி நிறுவனம் பந்தயக் கடல் விமானங்களில் புகழ்பெற்றது. 1934 அக்டோபர் 23 அன்று அதன் ‘எம்.சி.72’ மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட கடல் விமானங்களில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ரோம் நகருக்குப் போகும் வாசகர்கள் வடக்கே பிராச்சியானோ ஏரிக்கரையில் உள்ள விக்னா டி வால்லே விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். எல்-127 என்ற எண் கொண்ட லோனர் பறக்கும் படகும், சிவப்பு வண்ண எம்.சி.72வும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.